போஸ்ட் ஆபீஸ் சுவரும் எங்க எஸ்டேட்டும்

1

போன வாரம்தான் கூடலூர் பக்கத்துத் தேவாலாவிலிருந்து திரும்பி வந்தேன். பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. அங்கே மழையில் காயாத சேலைகளை அப்படியே மடித்துத் திணித்துக்கொண்டு வந்ததில் வீடெல்லாம் ஈர வாடை. என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிடுகிறார். திறக்கட்டும். இந்த வாடை போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"அமெரிக்காவில் எப்படி இருக்கீங்க?" என்று ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நல்லா இருக்கோம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நல்லாத்தான் இருக்கிறோம். ஆனால் இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சுவர்ப் படத்தால் நடந்த கூத்தைப் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் இங்கே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மேற்குப் பக்கம், பருத்தியும் பாதாமும் விளைகிற ஒரு சமவெளி ஊர். மலை என்று பார்க்க வேண்டுமானால் காரில் வெகுதூரம் போக வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோயம்புத்தூரில் படித்து, சவூதியில் வேலை பார்த்து, அங்கிருந்து இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் கோபி பக்கத்து ஆள், ஒரு கிடங்கில் கணக்கு பார்க்கிறார். ஒரே மகள் கயல்விழி. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'கேய்ல்' என்று பெயர். கூப்பிட்டால் திரும்புகிறாளே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே வந்த புதிதில் அண்ணனுக்கு ஒரு பார்சல் அனுப்பப் பழைய போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். உள்ளே என்ன இருக்கிறது, எதனால் ஆனது, யாராவது தின்பதா என்று கவுன்ட்டரில் ஆயிரம் கேள்வி. பதில் சொல்லிக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். கவுன்ட்டருக்கு மேலே சுவர் முழுக்க ஒரு படம். பருத்திக் காட்டில் வரிசையாக ஆண்களும் பெண்களும் குனிந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். கறுப்பர்கள், மெக்சிகோக்காரர்கள், ஒன்றிரண்டு வெள்ளைக்கார ஏழைகள். தோளில் மாட்டிய நீளமான பை ஒவ்வொருவருக்கும் பின்னால் மண்ணில் இழுபடுகிறது. முக்கால்வாசிப் பேருக்கு முகம் தெரியவில்லை. வலது ஓரத்தில் மூன்று கம்பு நட்டு ஒரு தராசு தொங்குகிறது. அதன் பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். மற்றவர்களைவிட அவன் ஒன்றரை மடங்கு பெரிய ஆள்.

"அடப் பாவிகளா, இவங்க எங்க ஆளுங்கதானே!" என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றிருந்த மனுஷன் இரண்டடி தள்ளிப் போனார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் மறைக்கத் தெரியவில்லை.

2

அந்தப் படத்தை வரைந்தவர் ஒரு பெண்மணி. பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியாது, இந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கும் தெரியாது. முப்பதுகளில் இந்த நாடே வேலையில்லாமல் திண்டாடியபோது அரசாங்கம் ரோடு போடுகிறவர்களுக்குக் கூலி கொடுத்த மாதிரியே படம் வரைகிறவர்களுக்கும் கூலி கொடுத்திருக்கிறது. போஸ்ட் ஆபீஸ், கோர்ட்டு, ஸ்கூல் என்று சுவர் கண்ட இடமெல்லாம் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். இந்த அம்மாள் கிழக்கேயிருந்து ரயிலேறி வந்து எங்கள் பக்கத்தில் மூன்று இடத்தில் வரைந்தாராம். பக்கத்து ஊர்க் கோர்ட்டில் வாய்க்கால் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஸ்கூலில் இருந்த படத்தின் மேல் யாரோ ஒரு தலைமையாசிரியர் வெள்ளையடித்துவிட்டார். மூன்றாவது எங்கள் போஸ்ட் ஆபீசில் இருப்பது.

காலை ஷிப்ட் முடிந்து வரும்போது எனக்கு அந்தப் பக்கம் போகிற வேலை ஏதாவது இருக்கும். இல்லாவிட்டாலும் உண்டாக்கிக்கொள்வேன். இரண்டு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டு வருவேன். இந்த நாட்டில் கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது, பொங்கலுக்குப் பட்டிமன்றம்கூட இருக்கிறது. அங்கெல்லாம் போகும்போது நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போகிற இன்னொருத்தி. அந்தச் சுவருக்கு முன்னால்தான் நான் யார் வயிற்றில் பிறந்தேனோ அவள் மகளாக நிற்க முடிந்தது.

என் அப்பாவும் அம்மாவும் கண்டிச் சீமையில் பிறந்தவர்கள். இந்தியாவுக்குப் போ என்று சொன்ன காலத்தில் கப்பலேறி வந்து, தேவாலா பக்கத்துத் தேயிலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் பிறந்தது லைன் வீட்டில், லயம் என்றும் சொல்வோம். ஒரே கூரை, வரிசையாக அறைகள், ஒரு அறைக்கு ஒரு குடும்பம். ஆனியில் மழை பிடித்தால் ஐப்பசி வரைக்கும் சுவரில் கை வைக்க முடியாது. விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போக வேண்டும், அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு. அங்கே பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு அம்மா போவாள். பொழுது சாயும்போது அட்டை கடித்த காலோடு வருவாள். அந்தக் காலில் உப்பு வைப்பதுதான் என் வேலை.

அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சிரித்துப் பார்த்திருக்கிறேன், திட்டிப் பார்த்திருக்கிறேன், கொழுந்து நிறுக்கிற இடத்தில் "ஈரத்துக்குன்னு எவ்வளவுதான்யா கழிப்ப?" என்று கணக்குப்பிள்ளையோடு மல்லுக்கு நின்று பார்த்திருக்கிறேன். நான் நர்சிங் சேர்ந்த வருஷம் அண்ணன் ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கிச் சிமென்ட் வீடு கட்ட ஆரம்பித்தார். வீடு முடிந்து அதில் கொஞ்ச காலம் இருந்தாள். கயல் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள்.

கயல் சின்னவளாக இருந்தபோது அவளுக்கு நான் சொன்ன கதையெல்லாம் இவைதான். எங்க எஸ்டேட்டில் ஆனை வந்த கதை. எங்க பேக்டரியில் சங்கு ஊதுகிற கதை. அம்மாயி, அதாவது என் அம்மா, மழை வெயில் பார்க்காமல் தோட்டத்திலேயே கிடந்த கதை. தமிழில் சொன்னால் பாதியில் தூங்கிவிடுவாள் என்பதால் இங்கிலீஷில் சொல்வேன். கண்ணை அகல விரித்துக் கேட்பாள். நான் என் அம்மாவை அவளுக்குக் கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

இந்த வருஷம் ஆரம்பத்தில் ஒரு நாள் கயல் சாப்பாட்டு மேசையில் சொன்னாள், போஸ்ட் ஆபீஸ் படத்தை எடுக்கச் சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர் மன்றத்தில் கேட்கப்போகிறார்கள் என்று. எடுக்க முடியாவிட்டால் மூடவாவது வேண்டுமாம். முன்னால் நிற்கிற நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி.

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"எதுக்குடி மூடணும்? அது உனக்கு என்ன பண்ணுச்சு?"

"அம்மா, மனுஷங்களைக் குனிய வெச்சு, ஒருத்தனை மட்டும் நிமிர வெச்சு வரைஞ்சிருக்காங்க. என் பிரெண்டோட பாட்டி, தாத்தா எல்லாம் அப்படிக் குனிஞ்சவங்கதான். அவ ஸ்டாம்பு வாங்கப் போறப்பல்லாம் தலைக்கு மேல அந்த ஆளு நிக்கிறான்."

"நின்னவன் நிக்கத்தான் செஞ்சான். மூடிட்டா அவன் நிக்கலைன்னு ஆயிருமா?"

"தினம் பாக்கணுமா?"

"பாக்கட்டும்! பாத்தாத்தான் தெரியும்."

"சோறு ஆறுது புள்ள, தின்னுப்போட்டுச் சண்டை போடுங்க ரெண்டு பேரும்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எந்தச் சண்டையிலும் முதல் கவலை ரசம்தான்.

சண்டை அன்றைக்கு முடியவில்லை. நான் அவளுக்குப் புரியவைக்கிறேன் என்று செல்போனில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபமாகத் திருப்பினால் பரவாயில்லை. முகம் வெளுத்துப் போய், அழப்போகிறவள் மாதிரி திருப்பிக்கொள்வாள். அது எனக்குப் புரியவே இல்லை. ஒரு நாள் "என்னால அதைப் பாக்க முடியலம்மா, அதுல நம்ம குடும்பம் இருக்கு" என்றாள்.

ஓ, நம்ம குடும்பம் இருப்பதுதான் உனக்கு அவமானமா என்று நினைத்துக்கொண்டேன். நான் எதற்காகப் போய்ப் பார்க்கிறேனோ அதற்காகவே அவள் மூடச் சொல்கிறாள். என் அம்மா குனிந்து பறித்த கொழுந்தில் படித்து வந்தவள் நான், நான் பெற்றது அவளைத் திரை போட்டு மூடப் பார்க்கிறது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

தேவாலாவுக்குப் போன் போட்டு அண்ணனிடம் அழுதேன்.

"என்னா தங்கச்சி, சொவத்துல இருக்கிற படத்துக்கா ஆத்தாளும் மகளும் அடிச்சிக்கிறீங்க? இங்க மழைக்குச் சொவரே ஊறிக் கெடக்கு. வந்து பாரு."

"ஒனக்கு வெளாட்டா இருக்குண்ணே. அவளுக்கு நம்ம ஆத்தாள நெனைச்சா வெக்கமா இருக்காம்."

அண்ணன், "சின்னப் புள்ள. நம்ம லயத்த அது கண்ணால பாத்துச்சா, காதால கேட்டுச்சா? விடு" என்றார்.

விடுகிற ஆளா நான்? ஊர் மன்றத்துக் கூட்டத்தில் பேச நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

4

இந்த நாட்டில் ஒரு காரியத்துக்கு ஒரு ஆபீஸ் என்று கிடையாது. போஸ்ட் ஆபீஸ் சுவர் ஒரு இலாகாவுக்குச் சொந்தம், சுவரில் இருக்கிற படம் இன்னொரு இலாகாவுக்குச் சொந்தம். ஊர் மன்றம் மக்கள் கருத்தைக் கேட்டு இரண்டு பேருக்கும் எழுதிப் போடலாம், அவ்வளவுதான். அதற்கே மண்டபம் நிறைந்துவிட்டது. பேசுகிறவர்களுக்கு முன்னால் ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். எங்கள் ஊர் மேடைப் பேச்சாளர்கள் எல்லாருக்கும் ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று தோன்றியது.

நான் நாலைந்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'இந்த வரிசையில் நிற்கிறவள் என் தாய். அவளை மூடாதீர்கள்.' இதுதான் விஷயம். இலக்கணம் தப்பாமல் இருக்க ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற ஒருத்தியிடம் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் கயலைக் கூப்பிட்டார்கள். நீலச் சட்டை போட்டு, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் இங்கிலீஷில் சொன்னது இதுதான்.

"என் அம்மாவின் குடும்பத்துக்கு இந்தியாவில் ஒரு எஸ்டேட் இருந்தது. தேயிலை எஸ்டேட். எங்களுக்குப் பேக்டரியும் இருந்தது. என் பாட்டிக்குத் தோட்டம் என்றால் உயிர், மழையானாலும் வெயிலானாலும் தோட்டத்தில்தான் இருப்பாராம். நான் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் அவர் மேல் எனக்கு ரொம்பப் பிரியம். இந்தப் படத்தில் குனிந்திருக்கிறவர்களைப் போன்றவர்கள்தான் எங்கள் எஸ்டேட்டில் வேலை செய்திருப்பார்கள். அதோ அந்தத் தராசின் பக்கத்தில் நிற்கிறாரே, அதுதான் என் குடும்பம். அந்த வெட்கத்தோடுதான் உங்கள் முன்னால் நிற்கிறேன்."

யாருடைய பாட்டியைச் சொல்கிறாள் என்றே எனக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். அவள் தோழி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக விழுந்தது. எங்க எஸ்டேட். எங்க பேக்டரி. கூடலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்கிற முதல் கேள்வியே "எந்த எஸ்டேட்டு?" என்பதுதான். எங்க எஸ்டேட்டு இன்னது என்போம். கேட்டவர் எழுந்து நின்று கும்பிட மாட்டார், "அங்க கங்காணி இன்னாரு இருக்காரா?" என்பார். நாங்கள் எந்த மண்ணில் கிடந்தோமோ அது எங்க எஸ்டேட். அந்த இரண்டு வார்த்தையை அப்படியே இங்கிலீஷில் தூக்கிப் போட்டால் இரும்புக் கேட்டும், பங்களாவும், வாசலில் நாயும் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இத்தனை வருஷமாக நான் எஸ்டேட்டில் வளர்ந்தவள் என்று சொல்லும்போதெல்லாம் இங்கே உள்ளவர்கள் புருவத்தைத் தூக்கி "ஓ!" என்று சொன்னதற்கும் இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. மரியாதையான ஜனங்கள் என்றல்லவா நினைத்தேன்!

"செல்வா ரேனி" என்று கூப்பிட்டார்கள். செல்வராணி, நான்தான்.

மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. மனப்பாடம் செய்தது எல்லாம் அப்படியே நாக்கு நுனியில் இருந்தது. இந்த வரிசையில் நிற்கிறவள் என் தாய். ஒரே வாக்கியம். ஆனால் அதைச் சொன்ன அடுத்த நொடியில் மண்டபத்தில் உள்ள எல்லாத் தலையும் கயல் பக்கம் திரும்பும். பாட்டி யார் என்றே தெரியாமல் பாட்டிக்காக வெட்கப்பட்ட பெண் என்று நாளைக்குப் பள்ளிக்கூடமே சிரிக்கும். அவள் சுவரோரமாகத் தோழிகளோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பாவத்தைத் தானே வந்து சொல்லிவிட்ட தைரியம் முகத்தில். பதினேழு வயசு.

"நான் அவளுடைய அம்மா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. "நன்றி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். விளக்கு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

5

காரில் ஏறிக் கதவைச் சாத்தினதும் ஆரம்பித்தேன்.

"யாருடி அந்தப் பாட்டி? தோட்டம்னா உயிராம்! ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்தினாளா எங்கம்மா?"

"நீதானே சொன்னே, நாள் பூரா தோட்டத்துல இருப்பாங்கன்னு!"

"தேயிலைத் தோட்டம்டி! கொழுந்து பறிச்சா! கூலிக்கு! ஊருல யாரைக் கேட்டாலும் தோட்டத்துக்குப் போறேன்னுதான் சொல்லுவாங்க, வேற என்ன சொல்லுவாங்க?"

அவள் முழுசாக என் பக்கம் திரும்பினாள்.

"நீ எஸ்டேட்டுன்னு சொன்னே. எங்க எஸ்டேட்டுன்னு சொன்னே."

"உன் ஸ்கூலை எங்க ஸ்கூலுங்கிறியே, உங்கப்பனா கட்டிக் குடுத்தான்?"

"நான் எங்க புள்ள கட்டுறது?" என்று முன் சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள் என்றேன்.

"லைன்ல இருந்தோம்னு சொன்னியே?"

"லைன் வீடு!"

"நான் ரயில் லைன் பக்கத்துல பங்களான்னு நினைச்சேன்" என்றாள். "அப்போ அந்த போட்டோ? ஹால்ல இருக்கே, அம்மாயி பட்டுச் சேலை கட்டிக்கிட்டு, பின்னாடி பெரிய மாடிப்படியோட? அது நம்ம வீடு இல்லையா?"

"அது துணிடி! திரை! கூடலூர் ஸ்டூடியோவுல தொங்கவிட்டிருப்பான். படியும் அவன் வரைஞ்சது, தூணும் அவன் வரைஞ்சது. சேலை பக்கத்து வீட்டு அக்காவுது. எங்கம்மாவுது அதுல அவ மூஞ்சி மட்டும்தான்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மூன்று பேரும் சிரித்தோம், வழியில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். முன்பு ஊருக்குப் போனபோது அவள் ரொம்பச் சின்னப் பிள்ளை. அண்ணனின் சிமென்ட் வீட்டையும் அதற்குப் பின்னால் மலை மலையாகத் தேயிலையையும்தான் பார்த்தாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு அவள் மேல் கோபமா, இங்கிலீஷ் மேல் கோபமா என்றே தெரியவில்லை.

"அவ்வளவு பேர் முன்னாடி அம்மாயியை அந்தத் தொப்பிக்காரனா ஆக்கிட்டேனே" என்றாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "நீ மைக்குல நின்னியே, ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"சொல்லி? உன்னைப் பாத்து ஊரே சிரிக்கணுமா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீ சொல்லியிருக்கணும்மா. எனக்காக உங்கம்மாவை விட்டுக்கொடுத்துட்டே."

சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை.

6

இவ்வளவு நடந்த பிறகு அவள் என் கட்சிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்த நாளே மன்றத்துக்கு எழுதி, தான் பேசியதில் தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னது தவறு, தன் பாட்டி கொழுந்து பறித்தவர் என்று திருத்தச் சொன்னாள். தோழிகளிடமும் அவளே சொன்னாள். யாராவது சிரித்தார்களா என்று கேட்டேன். "சிரிச்சாங்க" என்றாள், அதோடு விட்டுவிட்டாள். ஆனால் படத்தை மூட வேண்டும் என்பதிலிருந்து இம்மியும் நகரவில்லை.

"இப்போ இன்னும் கஷ்டமா இருக்கு" என்றாள். "முன்னாடி நிமிர்ந்து நிக்கிறவன் எங்க ஆளுன்னு வெக்கப்பட்டேன். இப்போ குனிஞ்சிருக்கிறது எங்க ஆளு. ஏன் அவங்களைக் குனிஞ்ச மேனிக்கே வெச்சுப் பாக்கணும்?"

அந்த ஓவியப் பெண்மணி மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. வேறு யாரும் வரையாத ஜனங்களைச் சுவரளவுக்கு வரைந்தாரே. ஆனாலும் மகள் கேட்டது இரண்டு நாள் காதில் நின்றது. அம்மா திட்டுவாள், சிரிப்பாள், மல்லுக்கு நிற்பாள் என்று நானே எழுதினேனே. குனிந்தவளாக மட்டும் ஏன் இத்தனை வருஷம் அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்?

மன்றம் கடைசியில் என்ன செய்தது தெரியுமா? படத்துக்கு ஒரு திரை போட்டது, இரண்டு இலாகாவும் சேர்ந்து முடிவு செய்கிற வரைக்கும் என்று. பார்க்க விரும்புகிறவர்கள் கவுன்ட்டரில் கேட்டால் கயிற்றை இழுத்துக் காட்டுவார்கள். ஸ்டாம்பு வாங்கப் போகிற நான் இனி தரிசனத்துக்கும் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு கட்சிக்கும் கோபம் வரும்படி ஒரு தீர்ப்பு சொல்ல இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

திரை போடுவதற்கு முந்தின நாள் கயல் தனியாகப் போய்ப் படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. ஆனால் லீவுக்கு ஊருக்குப் போகலாமா என்று அவளே கேட்டாள். முன்பெல்லாம் கூப்பிட்டால் வயிற்றுவலி வரும். எதற்குடி என்றேன். "சும்மா" என்றாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த லைனையும் அட்டையையும் சேற்றையும் பார்த்துவிட்டு இவள் மனசு எந்தப் பக்கம் போகுமோ என்று.

7

தேவாலாவில் நாங்கள் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வழியில் ரோட்டில் ஆனை நின்றதால் பஸ் வெகுநேரம் நின்றுவிட்டது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் குடையோடு நின்றார்.

"என்னா மருமகளே, ஒங்க எஸ்டேட்ட பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். இவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேனே என்று என்னைத்தான் திட்டிக்கொண்டேன். கயலும் சிரித்தாள், முகம் சிவந்துபோய்.

மறுநாள் எங்கள் பழைய லைனுக்குப் போனோம். எங்கள் அறையில் இப்போது வேறு குடும்பம். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் யார் என்று தெரியாது, ஆனாலும் உள்ளே கூப்பிட்டுப் பால் இல்லாத சாயத் தண்ணி கொடுத்தாள். கயல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது, நின்ற இடத்தில் திரும்பினால் முடிந்துவிடும். "ஆறு பேரா?" என்று கேட்டாள். "ஆறு பேர்தான்" என்றேன். வெளியே வந்து, லைனில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொண்டே நடந்தாள்.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் மழைக்கு ஒதுங்கினோம். பறித்துவிட்டு வந்த பெண்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் பிளாஸ்டிக் சீட்டு, இடுப்பில் படங்கு. ஒரு அக்கா என்னை உற்றுப் பார்த்து, "நீங்க முருகேசு அண்ணே தங்கச்சி இல்ல? அமெரிக்காவுல இருக்கிற நர்ஸம்மா?" என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள்.

"பாப்பா ஒங்க மகளா? தமிழ் வருமா?"

"கொஞ்சம் வரும்" என்றாள் கயல்.

"அமெரிக்காவுல கொழுந்து இருக்கா?"

"இல்ல. பருத்தி இருக்கு." என்ன நினைத்தாளோ, செல்போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து அவர்களிடம் நீட்டினாள். ஈரக் கையைப் படங்கில் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வாங்கினாள். நாலைந்து தலை ஒன்றாகக் குனிந்தது.

"இங்க பாருடி, அங்கயும் நெறை பிடிச்சு வரிசையாத்தான் எடுக்குறாளுக."

"பையி என்னா இம்புட்டு நீளம்? இழுத்துக்கிட்டே எப்புடி நடக்குறது?"

"இவன் யாரு, கணக்குப்பிள்ளையா? தொப்பியப் பாரு தொப்பிய!" என்று ஒருத்தி சொல்லவும் எல்லாரும் சிரித்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற நிஜக் கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

முதலில் என்னை அடையாளம் கண்ட அக்கா செல்போனைக் கயலிடம் திருப்பி நீட்டினாள். "இதுல ஒங்க ஆளு யாரு பாப்பா?" என்றாள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை ஒரு படத்தைக் காட்டினால் அதில் சொந்தக்காரர் இருக்கத்தானே வேண்டும்!

இதுல எங்க ஆளு யாரும் இல்லைக்கா, இது வேற நாட்டு ஜனங்க, ஒரு அம்மா சுவத்துல வரைஞ்சது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். கயல் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, இடது பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக நகர்த்திக்கொண்டே போனாள். குனிந்திருந்தவர்கள் எல்லாரையும் கடந்துவிட்டாள். வலது ஓரத்துக்கு, தொப்பிக்காரன் பக்கம் விரல் போனபோது, மறுபடியும் அவனையா என்று நினைத்தேன். அவனுக்கு முன்னால், தராசின் அடியில், பையை இறக்கிப் போட்டுவிட்டு ஒருத்தி நிற்கிறாள். நானும் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், அவளைக் கவனித்ததே இல்லை. அவள் மட்டும் தலையை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்து, தராசு முள்ளையே முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இவங்க" என்றாள் கயல். "எங்க அம்மாயி."

அந்த அக்கா செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு கயலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதானே பாத்தேன். மூக்கு அப்புடியே இந்தப் புள்ளைக்கு வந்திருக்கு பாரு."

கயல் என் பக்கம் திரும்பவில்லை. மழைத் தண்ணியோ என்னவோ, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.